கார்டு தேய்க்காமல் வந்த நம்பர்

ஒரு அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டுகிற லேபிளுக்காக நான் பதினோரு கிளாஸ், அதாவது பதினோரு புரோகிராம் துண்டுகள், எழுதியிருக்கிறேன். அந்த லேபிளில் அச்சாக வேண்டியவை மொத்தமே ஆறு விஷயங்கள். மிச்ச ஐந்து எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு யாருக்கும் புரியவில்லை. புரியாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். நாற்பதைத் தாண்டிய வயது. தலையில் முடி குறையக் குறைய, எழுதுகிற புரோகிராமில் சுருள் கூடிக்கொண்டு வந்தது.

இடம் ஒரகடம். வருடம் 2011 என்று ஞாபகம். வாலாஜாபாத் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, டிரெய்லர் லாரிகள் தூங்கும் மண்பாதையைத் தாண்டினால் எங்கள் தொழிற்சாலை. கார் கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டையைச் செய்து, பெட்டியில் அடுக்கி, கூப்பிடு தூரத்தில் இருந்த கார் கம்பெனிக்கு அனுப்புவோம். மழைத்தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்கிற பட்டை. எங்கள் கேண்டீன் கூரை ஒழுகும், அது வேறு விஷயம். அங்கே ‘சிஸ்டம்ஸ்’ என்று போர்டு மாட்டிய ஒரு கண்ணாடி அறையில் நான் ஒருவனே ஒரு டிபார்ட்மென்ட்டாக உட்கார்ந்திருந்தேன். டிபார்ட்மென்ட் மீட்டிங் என்றால் டீ குடிக்கப் போகிறேன் என்று அர்த்தம்.

கிளாஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் ஒரு மாதிரி வைத்திருப்பார்கள். மேலே குலதெய்வம், கீழே ‘தங்கள் நல்வரவை நாடும்’, நடுவில் மாப்பிள்ளை பெயருக்கு ஓர் இடம், பெண் பெயருக்கு ஓர் இடம். ஆட்கள் மாறுவார்கள், மாதிரி மாறாது. இணையத்திலிருந்து நான் இலவசமாக இறக்கிய லைப்ரரியும் இதே வேலையைத்தான் செய்தது. மாதிரியை எக்ஸ்எம்எல்லில் எழுத வேண்டும். அதாவது கோண வடிவ அடைப்புக்குறிகளுக்குள். அடைப்புக்குறிக்குள் வருகிற ஒவ்வொரு பெயரும் ஒரு எலிமென்ட். ‘தேதி’ என்று போட்டால் அந்த இடத்தில் தேதி அச்சாகும். லைப்ரரிக்குத் தெரியாத பெயரைப் போட ஆசைப்பட்டால், அந்தப் பெயருக்கு நாமே ஒரு கிளாஸ் எழுதி, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகுவது மாதிரி செருகிக்கொள்ளலாம். அவ்வளவுதான். இந்த ‘அவ்வளவுதானை’ விளக்க நான் முப்பது ஸ்லைடு போட்டேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் ‘ரோபஸ்ட்’ என்ற சொல் இருந்தது. எதற்கும் அசையாதது என்று பொருள். கூட்டத்தில் இருந்தவர்களும் அசையவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

விழித்திருந்த மீதிப் பேர்தான் ஆபத்தானவர்கள். புதிதாக என்ன வேண்டுமானாலும் செருகலாம் என்ற ஒரு வாக்கியம் மட்டும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பாதுகாப்புப் பிரிவு லேபிளில் தினம் ஒரு பாதுகாப்பு வாசகம் கேட்டது. பெட்டியைப் பிரிக்கப் போகிறவர் அடுத்த கம்பெனிக்காரர். அவர் ஹெல்மெட் போட்டாரா என்று இவர்களுக்குக் கவலை. ஹெச்ஆர் அதிகாரி அந்த வாரம் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களின் பெயர் வேண்டும் என்றார். பிளான்ட் ஹெட், அதாவது தொழிற்சாலைக்கே பெரியவர், கம்பெனியின் தொலைநோக்கை லேபிளில் போடச் சொன்னார். நாலு விரல் அகல லேபிளில் தொலைநோக்கு எறும்பு வரிசை மாதிரி வந்தது. கிட்டே வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ‘வேண்டாம் சார்’ என்று ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுதினேன். என்னைத் தவிர யாருக்கும் தேவைப்படாத திறமையைக் காட்ட யாராவது கூப்பிட்டால், நான் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடுவேன்.

உருப்படியான எலிமென்ட் ஒன்றே ஒன்று. ‘பரிசோதகர்’. பட்டை உருவாகி வருகிற லைன் முடிவில் ஒருவர் நின்று, பட்டையை விரலால் நெடுகத் தடவி, வெட்டு, குழி, கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஷிப்ட் தொடங்கும்போது தன் மஞ்சள் நிற குவாலிட்டி கார்டை ஒரு சின்ன ரீடரில் தேய்ப்பார். அது வாசலில் வருகைக்குத் தேய்க்கிற கார்டு அல்ல, லைனுக்கென்றே தனியாகக் கொடுத்தது. அதன் பிறகு அச்சாகிற ஒவ்வொரு லேபிளிலும் அவருடைய நம்பர் வரும். இந்தப் பெட்டியை இவர் பார்த்தார் என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த ரீடர் ஒரு சோம்பேறி. திடீர் திடீரென்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது. பதில் வராவிட்டால் என் கிளாஸ் பிழை என்று கத்தும். ஒரு எலிமென்ட் கத்தினால் லைப்ரரி மொத்த லேபிளையும் நிறுத்திவிடும். லேபிள் இல்லாமல் பெட்டி நகராது, பெட்டி நகராவிட்டால் லைன் நின்றுவிடும். எங்கள் ஆலையில் ஒருவன் மாமனாரை அடித்துவிட்டு வரலாம், மன்னித்துவிடுவார்கள். லைனை நிறுத்தியவனுக்கு மன்னிப்பு கிடையாது. சிவப்பு விளக்கு சுற்றும், ஐஸ் வண்டி மணி மாதிரி ஒரு பாட்டு ஒலிக்கும், பிளான்ட் ஹெட் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

லைன் சூப்பர்வைசர் மண்ணூர்க்காரர். மூன்றாவது முறை நின்றபோது நேரே என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார், உன் டப்பா பேச மாட்டேங்குது. அது பேசலன்னா என் லைன் ஏன் சார் நிக்கணும்? அதுக்கும் எனக்கும் இன்னா சண்டை?”

“ரீடர் பதில் குடுக்கல தலைவா. யார் நிக்கிறாங்கன்னு தெரியாம எப்படி அச்சடிக்கிறது?”

“காலைலேர்ந்து ஒரே ஆளுதான் நின்னுகினு கீது. அதே நம்பரை அடிச்சி வுடேன். வானமா இடிஞ்சி வுழுது?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மூன்று வரி எழுதினேன். ரீடரைக் கேள், பதில் வந்தால் போடு, ஞாபகத்திலும் வை. வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு கடைசியாக ஞாபகத்தில் இருப்பதைப் போடு. பிழை வந்ததை எங்கேயும் குறித்துக்கூட வைக்காதே. இதைத் தனியாக ஒரு கிளாஸில் எழுதினால் சாமர்த்தியம் தெரியாது என்று, பதினோரு கிளாஸுக்கும் பொதுவான வேலைக்காகத் தகப்பன் மாதிரி ஒரு கிளாஸ் வைத்திருந்தேன், அதில் எழுதினேன். குடும்பமே அன்றிலிருந்து பிழையை விழுங்கப் பழகியது.

லைன் அப்புறம் நிற்கவே இல்லை. அந்த மாதம் எனக்குச் சிறந்த முன்னேற்றத்துக்கான பரிசு கொடுத்தார்கள். மேடையில் பிளான்ட் ஹெட் கையால் ஒரு குக்கர். ‘லேபிளால் லைன் நிறுத்தம் பூஜ்யம்’ என்று சான்றிதழ். சான்றிதழை அறையில் மாட்டினேன். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பரிசுக்கு உரியவர் சூப்பர்வைசர். அவருக்குக் கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவருக்கு மூளை இருந்தது.

எட்டு மாதம் கழித்து கார் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே பட்டைகளில் கண்ணால் பார்த்தாலே தெரிகிற வெட்டு. எல்லா லேபிளிலும் ஒரே தேதி, பி ஷிப்ட், அதாவது மதியத்துக்கு மேல். பரிசோதகர் நம்பர் எல்லாவற்றிலும் முப்பத்தேழு.

முப்பத்தேழு ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கத்து ஊர். மண்ணூரில் ஒரு அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்தாள். ஒன்றரை வருடம் டிரெய்னி. நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் அந்த மாதம்தான் ஒட்டுவதாக இருந்தது. அவள் பெயர் அதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த லைனில் விரலை நம்பி வேலை செய்கிற ஆள் அவள் ஒருத்திதான், மற்றவர்கள் கடிகாரத்தை நம்பினார்கள்.

அவள் சொன்னது எளிமையானது: அன்று எனக்குக் காலை ஷிப்ட், மதியம் முடித்து வாலாஜாபாத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போனேன். வாசல் கார்டும் அதையே சொன்னது. சரி, விட்டுவிடுவார்கள் என்று நினைப்பீர்கள். ஹெச்ஆர் அதிகாரி அப்படி நினைக்கிறவர் அல்ல. ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்து வளர்ந்த, குரல் உயராத மனிதர். யாரை வேலையை விட்டு அனுப்பினாலும் ‘சாப்பிட்டாச்சாம்மா’ என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்.

“நீ கிளம்பிட்டேங்கற. உன் நம்பர் லைன்ல ஓடியிருக்கு. அப்ப உன் குவாலிட்டி கார்டை மத்தியானம் நின்ன பையன்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்க. கவனிக்காம விட்டா வார்னிங்தான் குடுப்போம். கார்டைக் குடுத்தா பேரை எடுத்துருவோம்மா.”

மதியம் நின்ற பையன் ஒப்பந்த ஆள். பெட்டி திரும்பி வருவதற்குள் காண்ட்ராக்டர் அவனை வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தார். அவள் உண்மையைச் சொல்லச் சொல்லக் குற்றம் பெரிதாகிக்கொண்டே போனது. மெமோ கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை.

ஒரு லேபிளைச் சூப்பர்வைசர் கொண்டுவந்து என் மேஜையில் ஒட்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் அவள் தேய்த்ததோடு ரீடர் செத்திருக்கிறது. மதியம் பையன் தேய்த்திருப்பான், ‘பீப்’ என்று சத்தமும் வந்திருக்கும். அந்தச் சத்தம் ரீடர் தன் இஷ்டத்துக்குப் போடுவது. என் கிளாஸ் வாயை மூடிக்கொண்டு முப்பத்தேழு, முப்பத்தேழு என்று ஷிப்ட் முழுக்க அடித்திருக்கிறது. ஆதாரம் எதுவும் இல்லை. பிழையைக் குறித்துவைக்காதே என்று எழுதிய மகான் நான்தானே.

மறுநாள் உணவு இடைவேளையில் அவளே என் அறைக்கு வந்தாள். அதுவரை அந்தக் கண்ணாடி அறைக்குள் லைனிலிருந்து யாரும் வந்ததில்லை, ஏசி காற்று வாங்க வருகிற சூப்பர்வைசரைத் தவிர.

“சார், ஒண்ணு கேக்கணும். லேபிள்ல என் நம்பரு எங்கன இருந்து வருது?”

“கார்டுலேர்ந்துதாம்மா.”

“அது தெரியும் சார். கார்டைத் தேய்க்காம நம்பரு வருமா?”

விசாரணை என்ற பெயரில் படித்த மனிதர்கள் நாலு பேர் ஒரு வாரமாக மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. நான் சுவரில் இருந்த சான்றிதழைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.

“வராதும்மா” என்றேன்.

“ஊருல சொல்லிட்டேன் சார், பெர்மனென்ட் ஆயிரும்னு” என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அந்தக் கதவை யாரும் அப்படிச் சாத்தியதில்லை, எல்லோரும் அறைவார்கள்.

அன்று சாயங்காலமே பிளான்ட் ஹெட்டிடம் போனேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். என் தவறை அவர் தலையில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்றுதான்.

“சார், அந்தப் பொண்ணு கார்டைக் குடுத்திருக்காது. நம்ம சாப்ட்வேர்ல ஒரு சின்ன...”

“சின்ன?”

“ரீடர் பேசலன்னா பழைய நம்பரே வரும் சார்.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். “எட்டு மாசமா போன பெட்டி எதுலயும் இருக்கற நம்பரை நம்ப முடியாதுங்கறியா?”

“எல்லாத்துலயும் இல்ல சார். எதுன்னு சொல்ல முடியாது.”

“அது இன்னும் மோசம்யா. கஸ்டமருக்குத் தெரிஞ்சா எட்டு மாசப் பெட்டியையும் பிரிச்சுக் காட்டச் சொல்லுவான். நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. அந்த புரோகிராம்லயும் கை வைக்காத. ஒரு டிரெய்னி போனா இன்னொரு டிரெய்னி வருவா.”

தலையாட்டினேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ தலைகள்; ஆனால் என் தலை ஆடுகிற அழகு தனி.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் நான் சாட்சி. சிஸ்டம் நிபுணர் என்று எழுதியிருந்தார்கள். மேஜையின் ஒரு பக்கம் பிளான்ட் ஹெட், ஹெச்ஆர், நான். மறுபக்கம் அவள், மண்ணூர் சூப்பர்வைசர். ஹெச்ஆர் ‘ஐந்து ஏன்’ தாளை எடுத்தார். எந்தத் தவறு நடந்தாலும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் ஆணிவேர் தெரிந்துவிடும் என்பது எங்கள் ஆலையின் வேதம். அவர் வாசித்தார். வெட்டு விழுந்த பட்டை ஏன் வெளியே போனது? பரிசோதகர் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அவர் லைனில் இல்லை. இல்லாமல் நம்பர் ஏன் வந்தது? கார்டைக் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? ஒழுக்கமின்மை. ஒழுக்கமின்மை ஏன்? வளர்ப்பு என்று எழுதி, அடித்து, பயிற்சி போதாமை என்று திருத்தியிருந்தார். பெரிய மனது.

“ஏம்மா, ஒத்துக்கிட்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா நீயே ரிசைன் பண்ண மாதிரி வச்சுக்கலாம். சாப்பிட்டாச்சா?”

“செய்யாததை எப்படி சார் எழுத?”

அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். “சார்தான் சொல்லணும். கார்டு தேய்க்காம நம்பர் வர சான்ஸே இல்ல, இல்லையா? நம்ம சிஸ்டம் ரொம்ப ரோபஸ்ட்.”

அந்தச் சொல் என்னுடையது. என் முப்பது ஸ்லைடிலிருந்து எடுத்தது. நான் ஊதிய பலூனின் கயிற்றை எடுத்து ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார் மனிதர். அறத்தால் அல்ல, கூச்சத்தால் வாய் திறந்தது.

“வரும்” என்றேன்.

பிளான்ட் ஹெட் இருமினார். “அவர் என்ன சொல்றார்னா...”

“வரும் சார். வாங்க, காட்றேன்.”

எல்லோரும் லைன் முடிவுக்குப் போனோம். உணவு இடைவேளை, லைன் ஓடவில்லை. திங்கட்கிழமைதோறும் முதல் பெட்டியைத் தானே தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிற வழக்கத்தால் பிளான்ட் ஹெட்டிடமும் ஒரு மஞ்சள் கார்டு உண்டு. நம்பர் ஒன்று.

“சார், ஒரு தடவை தேய்ங்க. டெமோ.”

டெமோ என்ற சொல்லுக்கு அந்த மனிதர் வாழ்க்கையில் மறுப்பு சொன்னதில்லை. தேய்த்தார். பீப். நான் ஒரு லேபிள் அடித்துவிட்டு, குனிந்து ரீடரின் வயரைப் பிடுங்கினேன். பிரிண்டரில் இருபது என்று அழுத்தினேன். லேபிள்கள் நாக்கு மாதிரி வெளியே நீண்டுகொண்டே வந்தன. பரிசோதகர் ஒன்று. பரிசோதகர் ஒன்று. பரிசோதகர் ஒன்று. வேறு ஒருவரின் கார்டை வாங்கித் தேய்க்கச் சொன்னேன். வயர் இல்லாத ரீடர் அப்போதும் உள்பேட்டரியில் பீப் என்றது. அடுத்த லேபிளும் ஒன்று.

“நான் எங்கய்யா செக் பண்ணேன்?” என்றார் பிளான்ட் ஹெட்.

“உங்க நம்பர்தான் சார் கீது” என்றார் சூப்பர்வைசர், ரொம்ப மரியாதையாக.

அவள் ஒரு லேபிளைக் கிழித்து, கையில் வைத்துப் படித்தாள். பிறகு அதே மரியாதையோடு கேட்டாள்.

“சார், நீங்க கார்டை யார்ட்டயாவது குடுத்திட்டுப் போனியளா?”

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் மட்டும் ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார், வெகுநேரம் தேடினார். பிளான்ட் ஹெட் லேபிள்களைச் சுருட்டிக் கசக்கினார். ஒட்டுகிற லேபிள் ஆயிற்றே, விரலை விட்டுப் போகவில்லை. ஹெச்ஆர் ஒவ்வொன்றாக உரித்துக் கொடுத்தார். அவள் கையில் இருந்தது மட்டும் மஞ்சள் கார்டின் உறைக்குள் போய்விட்டது. அதை ஹெச்ஆர் பார்த்ததை நான் பார்த்தேன்.

“சரிம்மா, மெமோவை மேல கொண்டுபோகல. விட்டாச்சு. போய் வேலையைப் பாரு” என்றார் அவர்.

“மெமோவை எழுத்துல குடுத்திய சார். விட்டாச்சுன்னும் எழுத்துல குடுங்க.”

“அதெல்லாம் எழுத முடியாதும்மா. ஆடிட்ல ஃபைலைப் பாப்பாங்க.”

“அப்ப மெமோவையும் பாப்பாவல்லா?”

ஹெச்ஆர் அவள் கழுத்தில் தொங்கிய உறையைப் பார்த்தார். பிளான்ட் ஹெட்டைப் பார்த்தார். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். சிஸ்டம்ஸே எழுதிக் கையெழுத்துப் போடட்டும், கம்பெனி எழுத வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒரு டிபார்ட்மென்ட்டாக ஒரே ஆள் இருப்பதன் வசதி இது.

அறையில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். ‘தொழில்நுட்பக் காரணங்களால் சில சமயங்களில் பரிசோதகர் எண் மாறி அச்சாக வாய்ப்புண்டு.’ எனக்கே அழகாக இருந்தது. அவள் நின்றபடி, பட்டையைத் தடவுகிற மாதிரி வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தாள்.

“சில சமயம்னா எப்பம் சார்?”

“அது... ரீடர் பேசாதப்ப.”

“அப்படி எழுதலியே. வாய்ப்புண்டுன்னா? வந்துச்சா, வரலியா?”

தாளைத் திருப்பிக் கொடுத்தாள். ரிஜக்ட். இரண்டாவது தாளில், அன்று பி ஷிப்டில் ரீடர் பழுதானதால் முப்பத்தேழு என்று தவறாக அச்சானது என்று எழுதினேன். அதிலும் விரல் ஒரு இடத்தில் நின்றது.

“ரீடர் பழுதாச்சு, சரி. பழுதானா நம்பரு வரப்புடாதுல்லா. வர வச்சது யாரு?”

“நான்தாம்மா.”

“அது இதுல இல்லியே.”

மூன்றாவது தாளை நான் நிதானமாக எழுதினேன். அன்று பி ஷிப்டில் கார்டு ரீடர் பதில் தரவில்லை. பதில் வராவிட்டால் முந்தைய எண்ணையே அச்சிடும்படி புரோகிராம் எழுதியவன் நான். முப்பத்தேழாம் எண் பரிசோதகர் அந்த ஷிப்டில் வேலை செய்யவில்லை. தன் கார்டை யாருக்கும் கொடுக்கவில்லை. கீழே கையெழுத்து. அந்தக் கம்பெனியில் நான் எழுதியதிலேயே எந்தக் கிளாஸும் தேவைப்படாத உருப்படி அது ஒன்றுதான். அவள் இரண்டு முறை தடவிப் படித்துவிட்டு, “காப்பி ஒண்ணு குடுங்க” என்றாள்.

பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இருந்தது. என் பெயருக்கு அந்த வருட உயர்வுப் பட்டியலில் இடமில்லை என்று தெரிந்துகொள்ள நான் எந்தப் பலகையையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிளான்ட் ஹெட் என் வணக்கத்தைத் திருப்பித் தருவதை நிறுத்தியிருந்தார். எட்டு மாதப் பெட்டிகளைப் பற்றி யாரும் எங்கேயும் பேசவில்லை. கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் எத்தனைக்குள் மழை பெய்ததோ.

இரண்டு வாரம் கழித்து கேண்டீனில் தட்டுக் கழுவுகிற இடத்தில் அவள் பக்கத்தில் நிற்கும்படி ஆயிற்று. நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஆமாம், எதிர்பார்த்தேன். நான் அந்த ரகம்.

“அன்னைக்கு வராதுன்னு ஏன் சார் சொன்னிய?”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வழக்கமாக வருகிற நையாண்டி ஒன்றும் வரவில்லை.

“அந்த மூணு வரியை எடுத்தா லைன் நிக்கும்மா. அந்த பயம்.”

“இப்பவும் அப்படியேதான் இருக்கா? இன்னைக்கும் தேய்க்காம என் நம்பரு வருமா?”

“வரும். கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

அவள் தட்டை உதறிக் கவிழ்த்தாள்.

“லைன் நின்னா என்ன சார்? நின்னாத்தான யாராச்சும் வந்து பாப்பாவ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முப்பது ஸ்லைடில் நான் சொல்லாததை, கை துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அறைக்குப் போய் தகப்பன் கிளாஸைத் திறந்தேன். யாரையும் கேட்கவில்லை. மூன்று வரியை அழித்தேன். கூடவே பாதுகாப்பு வாசகம், பிறந்தநாள், தொலைநோக்கு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். லேபிளில் ஆறு விஷயம் மிஞ்சியது. தொலைநோக்கு காணாமல் போனதை நான் அங்கே இருந்த காலம் வரை யாரும் கவனிக்கவில்லை.

நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“சார், உன் டப்பா மறுபடியும் பேசல. லேபிள் வர்ல. லைன் நின்னுகினு கீது. மேலேர்ந்து பெரியவரு எட்டிப் பாக்குறாரு. இன்னா பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ணாத. வந்து பாக்குறேன்” என்றேன்.